யார் ஆடுவது, யார் காத்திருப்பது? கல்லூரிப் பெண்கள் கூடைப்பந்து அணியில் ஆட்ட நேரம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாலக்காட்டுக்குக் கிழக்கே கொழிஞ்சாம்பாறைப் பக்கம், தமிழ்நாட்டு எல்லை கூப்பிடு தூரத்தில் இருக்கும் ஒரு கல்லூரியில் பெண்கள் கூடைப்பந்து அணியை 14 ஆண்டுகளாகப் பார்த்து வருகிறேன். தமிழ் பேசுகிற பிள்ளைகள் என்னை ‘மிஸ்’ என்பார்கள், மலையாளம் பேசுகிற பிள்ளைகள் ‘டீச்சர்’ என்பார்கள். இரண்டு பக்கத்திலிருந்தும் வருகிற கேள்வி ஒன்றுதான்: என்னை ஏன் இறக்கவில்லை? அதையொட்டி அம்மா அப்பா கேட்பவை, பக்கத்துக் கல்லூரிகளில் புதிதாகப் பொறுப்பேற்ற உடற்கல்வி ஆசிரியர்கள் போனில் கேட்பவை, பிள்ளைகள் பஸ்ஸில் திரும்பும்போது மெதுவாகக் கேட்பவை எல்லாவற்றையும் சேர்த்து இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

ஒரு ஆட்டத்தில் பங்கு போட மொத்தம் எவ்வளவு நேரம் இருக்கிறது?

பத்து நிமிடக் குவார்ட்டர் நான்கு, ஆக 40 நிமிடம். ஒரே நேரத்தில் ஐந்து பேர் ஆடுவதால் மொத்தம் 200 நிமிடம். பட்டியலில் 12 பேர். சமமாக வகுத்தால் ஆளுக்கு 16 நிமிடம் 40 விநாடி.

நான் அப்படி வகுப்பதில்லை. முதல் ஐவருக்கு ஆளுக்கு 27 நிமிடம், அது 135. அடுத்த மூவருக்கு ஆளுக்கு 15, அது 45. மீதி நால்வருக்கு ஆளுக்கு 5, அது 20. சீசன் தொடங்கும் முன் போடுகிற கணக்கு இது. ஆட்டம் இறுகினால் மாறத்தான் செய்யும். ஆனால் எவ்வளவு மாறியது என்று தெரிய வேண்டுமானால் முதலில் ஒரு கணக்கு இருக்க வேண்டும். கணக்கே போடாமல் இறங்கினால், முடியும்போது முதல் ஐவர் ஆளுக்கு 38 நிமிடம் ஓடியிருப்பார்கள். ஆட்டத்தின் சூட்டில் அது நம் கண்ணிலேயே படாது.

எல்லாருக்கும் சமமாகக் கொடுத்தால் பிரச்சினையே இல்லையே?

பள்ளிக்கூடத்தில், அதுவும் சின்னப் பிள்ளைகளுக்கு, நானும் சமமாகத்தான் கொடுப்பேன். கல்லூரி அணி வேறு. காலையில் ஆறரை மணிக்கு வந்து நின்று, தன் பலவீனமான கையால் ஆயிரம் லே-அப் (ஓடிவந்து கூடைக்குப் பக்கத்தில் எழும்பிப் பந்தைப் போடுவது) போட்டுச் சரிசெய்த பெண்ணையும், வாரத்தில் இரண்டு நாள் வருகிற பெண்ணையும் ஒரே தராசில் வைத்தால் முதல் பெண்ணுக்கு அநியாயம். அதுமட்டுமில்லை, ஜெயிக்க வேண்டும் என்று பிள்ளைகளே நினைக்கிறார்கள். பெஞ்சில் இருப்பவளும் அப்படித்தான் நினைக்கிறாள்.

சமமாகக் கொடுக்க வேண்டியது பயிற்சியைத்தான். என் நேரம், என் கண், பந்தைத் தொடும் எண்ணிக்கை, தவறைத் திருத்தும் பொறுமை, இவை 12 பேருக்கும் ஒரே அளவு. இதில் கஞ்சத்தனம் காட்டிவிட்டு ஆட்டத்தில் இறக்கினாலும் பயனில்லை.

“ஏனுங்க மிஸ், எம்பட புள்ள நல்லாத்தானே ஆடுது, ஏன் எறக்கவே மாட்டேங்கறீங்க?”

இப்படிக் கேட்கும் அப்பாக்களை நான் மதிக்கிறேன். மகள் அரைக்கால் சட்டை போட்டு விளையாடுவதையே தடுத்த வீடுகள் இந்தப் பக்கம் இருந்தன. இன்றைக்கு அதே ஊரிலிருந்து ஒருவர் தோப்பு வேலையை விட்டுவிட்டு வந்து மகளுக்கு நேரம் கேட்கிறார் என்றால் அது எனக்குச் சந்தோஷமான விஷயம்.

பதில் சொல்வதற்கு எனக்கு இரண்டு கட்டுப்பாடுகள் உண்டு. பெற்றோரிடம் சொல்லும் எதையும் அதற்கு முன்பே அந்தப் பெண்ணிடம் சொல்லியிருக்க வேண்டும். இன்னொரு பெண்ணின் பெயரை இழுக்கவே கூடாது. “அவளைவிட இவள் மெதுவு” என்று ஒரு வார்த்தை விழுந்தால் சாயங்காலத்துக்குள் அது இரண்டு ஊர் சுற்றி வந்துவிடும். பெண்ணிடம் சொல்வது இன்னின்ன விஷயம் என்று குறிப்பாக இருக்க வேண்டும். “இன்னும் கொஞ்சம் முயற்சி பண்ணு” என்பது பதிலே கிடையாது. “டிஃபென்ஸில் நிமிர்ந்து நின்றுவிடுகிறாய், அதனால் இடது பக்கம் போகிறவளை விட்டுவிடுகிறாய். மூன்று வாரம் பார்க்கலாம். அது சரியானால் இரண்டாவது குவார்ட்டரில் உனக்கு இடம்” என்பதுதான் பதில். அதற்கப்புறம் அப்பாவைப் பயிற்சிக்கே வந்து உட்காரச் சொல்வேன். ஒரு மணி நேரம் பார்த்தவர்கள் பெரும்பாலும் வேறு கேள்வியோடு திரும்பிப் போகிறார்கள்.

பெஞ்சில் இருப்பவளை எப்போது இறக்க வேண்டும்?

முடிவு தெரியாமல் இருக்கும்போது. இந்தப் பக்கம் முழுவதும் நான் சொல்ல வருவது இந்த ஒன்றைத்தான்.

நாம் வழக்கமாகச் செய்வது இரண்டு. 25 புள்ளி முன்னால் இருக்கும்போது கடைசி மூன்று நிமிடம் இறக்குவோம். 25 புள்ளி பின்னால் இருக்கும்போதும் அதே மூன்று நிமிடம். இரண்டிலும் அந்தப் பெண்ணுக்குக் கிடைப்பது ஸ்கோர் ஷீட்டில் ஒரு குறி மட்டும்தான். எதிரணியும் தளர்ந்திருக்கும், பார்க்கிறவர்கள் பையை எடுத்துக்கொண்டு கிளம்பியிருப்பார்கள். அங்கே அவள் கற்றுக்கொள்ள ஒன்றும் இல்லை.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கல்லூரிகளுக்கிடையிலான அரையிறுதி. எங்கள் பாயிண்ட் கார்ட், அதாவது பந்தை ஓட்டி வந்து ஆட்டத்தை நடத்துகிறவள், அபாரமாக ஆடிக்கொண்டிருந்தாள். எடுக்க மனம் வரவில்லை. நான்காவது குவார்ட்டரில் நான்கு நிமிடம் மிச்சம் இருக்கும்போது அவளுக்கு ஐந்தாவது ஃபௌல். ஐந்தாவது ஃபௌல் விழுந்தால் அவள் வெளியேற வேண்டும், 30 விநாடிக்குள் மாற்று ஆள் உள்ளே நிற்க வேண்டும். திரும்பிப் பார்த்தேன். 11-ஆம் எண் பெண் ஜாக்கெட்டின் ஜிப்பைக் கழுத்துவரை இழுத்துவிட்டு, இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். அந்தத் தொடர் முழுக்க அவளை நான் ஒரு நெருக்கமான நிமிடத்தில்கூட இறக்கியதில்லை. ஜிப் பாதியில் சிக்கிக்கொண்டது. பக்கத்தில் இருந்தவள் இழுத்துவிட்டாள். உள்ளே போனாள், முதல் பாஸ் கோட்டுக்கு வெளியே போனது. இரண்டாவதை எதிரணிப் பெண் கையிலிருந்தே பறித்துக்கொண்டு போனாள். ஐந்து புள்ளியில் தோற்றோம்.

திரும்பி வரும்போது அவள் என் பக்கத்து சீட்டில் வந்து உட்கார்ந்து சொன்னாள்: “மிஸ், பந்து இவ்வளவு கனமா இருக்கும்னு தெரியல.” தினமும் பிடித்த பந்துதான். பயிற்சியில் அவள் கை முதல் கார்டின் கைக்குக் குறைந்ததே இல்லை. அந்தத் தோல்வி என்னுடையது. அதை அன்றே எல்லார் முன்னாலும் சொன்னேன், ஏனென்றால் மற்றவர்கள் அவளைப் பார்த்த பார்வை எனக்குப் பிடிக்கவில்லை.

அதிலிருந்து எங்கள் அணியில் ஒரு சட்டம்: இரண்டாவது குவார்ட்டரின் முதல் மூன்று நிமிடம் பெஞ்சுக்குச் சொந்தம். எதிரணி யாராக இருந்தாலும் சரி, ஸ்கோர் என்னவாக இருந்தாலும் சரி. குறைந்தது மூன்று பேர் பெஞ்சிலிருந்து, இரண்டு பேர் முதல் ஐவரிலிருந்து. ஐவரையும் ஒரேயடியாக மாற்றினால் கப்பல் ஆடிவிடும். பதற்றப்படாத ஒருத்தியாவது உள்ளே இருக்க வேண்டும்.

அந்த மூன்று நிமிடத்தில் ஆட்டமே கைவிட்டுப் போனால்?

சில சமயம் ஆறு புள்ளி போகும். மிச்சம் 27 நிமிடம் இருக்கிறது, மீட்டுவிடலாம். கடைசி நான்கு நிமிடத்தில் போகிற ஆறு புள்ளியை மீட்க முடியாது. அதோடு, முதல் ஐவரில் அந்த மூன்று நிமிடம் உட்கார்ந்து மூச்சு வாங்கியவர்கள் நான்காவது குவார்ட்டரில் வேறு ஆட்களாக ஓடுவார்கள். நம் போட்டிகள் பெரும்பாலும் நாக்-அவுட் முறையில், அடுத்தடுத்த நாட்களில் நடக்கின்றன. காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று வருவதும் உண்டு. இன்றைக்கு 38 நிமிடம் ஓடவிட்ட பெண்ணின் கால் நாளை மாலை நம்மைக் கைவிடும்.

பெரிய அணிகள் இப்படிச் செய்கின்றனவா?

அமெரிக்கக் கல்லூரிப் பெண்கள் இறுதிப் போட்டி ஒன்றைச் சொல்கிறேன். 2024 ஏப்ரல் 7, கிளீவ்லேண்ட். பயிற்சியாளர் டான் ஸ்டேலியின் சவுத் கரோலினா அணியும் நட்சத்திர ஆட்டக்காரி கெய்ட்லின் கிளார்க் ஆடிய ஐயோவா அணியும் மோதின. கிளார்க் முதல் குவார்ட்டரிலேயே 18 புள்ளி எடுத்தார், மொத்தம் 30. ஜெயித்தது சவுத் கரோலினா, 87-75. அந்த அணியில் மிக அதிகப் புள்ளி எடுத்தவர் முதல் ஐவரில் ஒருவரே இல்லை. பெஞ்சிலிருந்து வந்த முதலாண்டு மாணவி டெஸ்ஸா ஜான்சன், 19 புள்ளி. பெஞ்சுக்குப் பெஞ்ச் கணக்குப் பார்த்தால் 37-0. அந்த சீசன் முழுவதும் 38 ஆட்டம், 38 வெற்றி.

அங்கே இருக்கும் வசதி வேறு என்று சொல்வீர்கள். உண்மைதான். ஆனால் இறுதிப் போட்டியில் ஒரு முதலாண்டுப் பெண் கை நடுங்காமல் எறிந்தாள் என்றால், சீசன் தொடங்கிய நவம்பரிலிருந்து அவளை எறியவிட்டிருக்கிறார்கள். அதற்கு ஏசி அரங்கம் தேவையில்லை.

இன்னொரு வேறுபாடுதான் என்னை அதிகம் உறுத்துவது. அங்கே ஆட்ட நேரம் கிடைக்காத பெண் தன் பெயரைப் பதிவு செய்துவிட்டு வேறு கல்லூரிக்கு மாறிக்கொள்ளலாம், 2018 முதல் அதற்கென்றே ஒரு முறை இருக்கிறது. நம் பிள்ளைகள் மாறுவதில்லை. ஒரு திங்கட்கிழமை பயிற்சிக்கு வரமாட்டார்கள். புதன்கிழமையும் வரமாட்டார்கள். கேட்டால் ரெக்கார்டு எழுத வேண்டும் என்பார்கள். அதோடு விளையாட்டு முடிந்தது.

சப்பாக இறங்கும் பெண்ணுக்குத் தெரிந்திருக்க வேண்டிய விதி என்ன?

பலருக்குத் தெரியாதது: மாற்றத்தைக் கேட்க வேண்டியது பயிற்சியாளர் இல்லை, இறங்கப்போகிற பெண். அவளே ஸ்கோரர் மேசைக்குப் போய்ச் சைகை காட்டிச் சொல்ல வேண்டும், உடனே ஆடத் தயாராக இருக்க வேண்டும். ஜாக்கெட்டோடு போய் நின்றால் வாய்ப்புப் போய்விடும். ஆட்டம் நின்று கடிகாரமும் நின்றால்தான் உள்ளே விடுவார்கள். எதிரணி கூடை போட்டவுடன் போகலாம் என்று நினைக்கிறார்கள். அது நான்காவது குவார்ட்டரின் கடைசி இரண்டு நிமிடத்திலும் கூடுதல் நேரத்தின் கடைசி இரண்டு நிமிடத்திலும்தான், அதுவும் நிபந்தனையோடு. மற்ற நேரத்தில் விசில் வரும்வரை மேசைப் பக்கத்தில் காத்திருக்க வேண்டும், சில சமயம் இரண்டு நிமிடம்கூட ஆகும். அந்த இரண்டு நிமிடத்தில் அவள் யாரைப் பிடிக்கப் போகிறாள், அந்தப் பெண் எந்தக் கையால் ஓட்டுகிறாள், நம் அணிக்கு எத்தனை ஃபௌல் ஆகியிருக்கிறது என்று பார்த்து வைத்துக்கொள்ளச் சொல்வேன். ஒரு குவார்ட்டரில் நம் அணி நான்கு ஃபௌலைத் தொட்டுவிட்டால் அடுத்ததற்கு எதிரணிக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ. இறங்கின வேகத்தில் பாய்ந்து அடித்துவிடுவது புதுப் பிள்ளைகள் எல்லாரும் செய்வது.

முதல் பாதியிலேயே இரண்டு ஃபௌல் வாங்கிய நல்ல ஆட்டக்காரியை உட்கார வைக்கலாமா?

வைக்கலாம், கொஞ்ச நேரம். பெஞ்சைத் தயார் செய்திருந்தால் இது பயப்பட வேண்டிய விஷயமே இல்லை.

யார் எப்படி ஆடினாள் என்று கண்ணால் பார்த்தால் போதாதா? நோட்டு எதற்கு?

கண் கூடை போட்டவளை மட்டும்தான் பார்க்கும். அதனால் 40 ரூபாய்க்கு வாங்கிய நோட்டுப் புத்தகம் ஒன்று வைத்திருக்கிறோம். அன்றைக்கு அடிபட்டோ பரீட்சைக்காகவோ ஆடாத பெண் ஒருத்தி எழுதுவாள். உள்ளே போன நேரம், அப்போது ஸ்கோர், வெளியே வந்த நேரம், அப்போது ஸ்கோர், அவ்வளவுதான். ஒருத்தி 31-28 என்று நாம் முன்னால் இருக்கும்போது போனாள், 37-36 ஆனபோது வந்தாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவள் இருந்தபோது நாம் 6, அவர்கள் 8. அவளுக்கு மைனஸ் 2.

ஒரு ஆட்டத்து எண்ணை வைத்து யாரையும் தீர்ப்புச் சொல்லக் கூடாது. உடன் ஆடுகிறவர்கள், எதிரே நிற்பவர்கள், எல்லாம் அதில் கலந்திருக்கிறது. எட்டு, பத்து ஆட்டம் சேர்ந்தால்தான் ஏதாவது பேசும். எங்கள் அணியில் ஒரு பெண் இருந்தாள், ஒரு சீசன் முழுக்க மொத்தம் 20 புள்ளிகூட எடுத்திருக்கமாட்டாள். ஆனால் அவள் இறங்கும்போதெல்லாம் நோட்டில் பிளஸ் விழுந்துகொண்டே இருந்தது. கவனித்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது: நம் ஆளுக்கு வழிவிட எதிராளியின் குறுக்கே சரியான இடத்தில் நின்று ஸ்க்ரீன் வைக்கிறாள், கூடையில் விழாமல் திரும்பி வரும் பந்துக்கு (ரீபவுண்டு) எதிராளியை முதுகால் தடுத்து வைக்கிறாள், வாய் ஓயாமல் கூப்பிட்டுக் கூப்பிட்டு டிஃபென்ஸை நகர்த்துகிறாள். நோட்டு இல்லாவிட்டால் அவளை நான் கடைசி வரை ஐந்து நிமிடக்காரியாகவே வைத்திருப்பேன். அடுத்த ஆண்டு அவள் முதல் ஐவரில்.

நோட்டு திறந்தே இருக்கும். யார் வேண்டுமானாலும் புரட்டலாம். நேரத்தைப் பற்றிய சந்தேகம் பாதி அங்கேயே தீர்ந்துவிடுகிறது.

பயிற்சியில் பெஞ்சை எப்படி வளர்ப்பது?

முதல் ஐவர் ஒரு பக்கம், மற்றவர்கள் ஒரு பக்கம் என்று தினமும் ஆடவிட்டால் இரண்டாவது குழு தோற்கப் பழகிவிடும். வாரத்தில் இரண்டு நாள் கலந்து பிரிப்பேன். ஒரு நாள் மட்டும் பிரித்து ஆடவிட்டு, இரண்டாவது குழுவுக்கு ஆறு புள்ளி முன்கூட்டியே கொடுத்து, ஐந்து நிமிடம் மட்டும் கடிகாரத்தில் வைப்பேன். அந்த ஆறைக் காப்பாற்றுவது அவர்கள் வேலை. நெருக்கடியில் பந்தைப் பிடிக்கும் பழக்கம் இதில்தான் வருகிறது. தோற்ற பக்கம் ஓட வேண்டும், முதல் ஐவர் என்றாலும்.

பெஞ்சில் ஒவ்வொருத்திக்கும் ஒரு வேலை பெயர் சொல்லிக் கொடுக்கப்பட்டிருக்கும். ஒருத்தி, கோர்ட் முழுக்க நெருக்கிப் பிடிக்கும் பிரஸ்ஸில், எதிரணி கார்டை மூச்சுவிட விடக்கூடாது. ஒருத்தி மூலையில் நின்று வருகிற பந்தை எறிய வேண்டும். ஒருத்தி, எதிரணி இடம் பிரித்துக் காக்கும் ஜோனை உடைக்க, நடுவில் பந்து வாங்க வேண்டும். எல்லாவற்றையும் செய் என்றால் ஐந்து நிமிடத்தில் எதையும் செய்ய முடியாது. மூன்றாவது குவார்ட்டர் நடக்கும்போது அவர்கள் பெஞ்சுக்குப் பின்னால் எழுந்து கணுக்கால், முழங்கால், தோள் எல்லாவற்றையும் சூடாக்கிக்கொள்ள வேண்டும். இடைவேளை 15 நிமிடத்தில் எங்கள் பேச்சு ஏழு நிமிடம்தான். மீதி நேரம் பந்து பெஞ்சுப் பிள்ளைகள் கையில் இருக்கும்.

திறந்தவெளிக் கோர்ட், இந்தக் காற்று, இந்த வெயில். இதிலும் பெஞ்சுக்கு வேலை உண்டா?

நிறைய. மேற்குத் தொடர்ச்சி மலையில் 30 கிலோமீட்டருக்கும் மேல் அகலமான பாலக்காட்டுக் கணவாய்க்கு எதிரே இருக்கிறோம். தென்மேற்குப் பருவத்தில் காற்று அந்த வாசல் வழியாகக் கொட்டும். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். பெண்கள் ஆடும் ஆறாம் எண் பந்துக்கு எடை அரைக்கிலோவைச் சற்றுத் தாண்டும், அது அந்தக் காற்றுக்கு எம்மாத்திரம். மேற்குக் கூடையை நோக்கி எறிந்தால் பந்து வளையத்துக்கு ஒரு சாண் முன்னாலேயே விழும், கிழக்குக் கூடைக்கு எறிந்தால் போர்டில் மோதி எங்கேயோ போகும். தூரத்திலிருந்து எறியும் பிள்ளைகளின் நம்பிக்கை உடைகிற மாதங்கள் இவை. அப்போது உள்ளே புகுந்து லே-அப் போடுகிற, ரீபவுண்டுக்குச் சண்டை போடுகிற பெஞ்சுப் பிள்ளைகளுக்கு நேரத்தைக் கூட்டுவேன். அணி மழைக்காலத்தில் ஒரு மாதிரி, டிசம்பரில் வேறு மாதிரி இருக்கும்.

மார்ச், ஏப்ரலில் பாலக்காட்டுப் பக்கம் வெயில் 40 டிகிரியைத் தொடும். அந்த மாதங்களில் சிமென்ட் கோர்ட்டில் ஒரே பெண்ணைப் பத்து நிமிடம் தொடர்ந்து ஓடவிடுவது பாவம். நாலைந்து நிமிடத்துக்கு ஒரு மாற்றம், மோரும் உப்புப் போட்ட எலுமிச்சைச் சாறும். ஆறு பேர்தான் ஆடத் தெரிந்தவர்கள் என்றால் இதைச் செய்யவே முடியாது.

பஸ்ஸுக்காகச் சீக்கிரம் போகிறவளுக்கு நேரம் குறையுமா?

குறையக் கூடாது. மீனாட்சிபுரம், கோபாலபுரம், வேலந்தாவளம் பக்கமிருந்து வருகிற பிள்ளைகள் ஐந்தரைக்குக் கிளம்பினால்தான் இருட்டுவதற்குள் வீடு சேர முடியும். விடுதிப் பிள்ளைகள் ஏழு மணிவரை எறிந்துகொண்டிருப்பார்கள். இதை ‘ஈடுபாடு’ என்று எண்ணினால் பஸ்காரப் பிள்ளைகள் எப்போதும் பெஞ்சில்தான். அவள் வீட்டு முகவரிக்கு நாம் தண்டனை கொடுத்த மாதிரி ஆகும்.

அதனால் முக்கியமான வேலை எல்லாவற்றையும் நாலரையிலிருந்து ஐந்தேகாலுக்குள் வைக்கிறேன். அதற்குப் பிறகு நடப்பது ஷூட்டிங் மட்டும். பஸ்காரர்களுக்கு மதிய இடைவேளையில் 20 நிமிடம் ஷூட்டிங். ஒரு பெண் வீட்டுக் களத்தில் நெல் காயாத நாட்களில் சுவரில் கரிக்கோடு போட்டு பாஸ் பழகுவாள். வலது கையால் 200, இடது கையால் 200. சுவரைப் பார்த்தால் கோடு அழிந்து அந்த இடம் மட்டும் வழவழவென்றிருக்கும். அவளுக்கு எப்படி நேரம் குறைப்பது?

மாதவிலக்கு நாட்கள், உடல் சோர்வு, முழங்கால். இதையெல்லாம் ஆட்ட நேரத்தோடு சேர்த்துப் பார்க்க வேண்டுமா?

கட்டாயம் பார்க்க வேண்டும். “மிஸ், இன்னைக்கு முடியல” என்று ஒரு பெண் சொல்வதற்குத் தயங்குகிறாள் என்றால், சொன்னால் இடம் போய்விடும் என்று பயப்படுகிறாள் என்று அர்த்தம். அன்று உட்கார்ந்ததால் அடுத்த ஆட்டத்தில் இடம் குறையாது என்று ஜூலையிலேயே எல்லார் முன்னாலும் சொல்லிவிடுவேன், அப்படியே நடந்துகொள்வேன். ஆடுகிறேன் என்பவளைத் தடுக்கவும் மாட்டேன்.

இரத்தசோகை பெரிய விஷயம். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு இரத்தசோகை. கேரளத்தில் 36.3, தமிழ்நாட்டில் 53.4. எங்கள் அணி இரண்டு மாநிலத்துப் பிள்ளைகளும் சேர்ந்தது. மூன்றாவது குவார்ட்டரில் வெளுத்துப்போய் இடுப்பில் கை வைத்து நிற்கிற பெண்ணை ‘ஸ்டாமினா இல்லை’ என்று ஓடவிடுவதற்கு முன் ஹீமோகுளோபின் பார்த்துவிடுங்கள். சீசன் தொடக்கத்தில் எல்லாருக்கும் ஒருமுறை பார்க்கிறோம். குறைவு என்றால் டாக்டரிடம் அனுப்புகிறோம், அவள் ஏறி வரும்வரை சின்னச் சின்னத் துண்டுகளாக நேரம் கொடுக்கிறோம்.

முழங்காலின் முன் சிலுவைத் தசைநார் (ஏசிஎல்) கிழிவது ஆண்களைவிடப் பெண்களுக்குக் குறைந்தது இரண்டு மடங்கு அதிகம் என்பது விளையாட்டு மருத்துவத்தில் நன்கு தெரிந்த விஷயம். பெரும்பாலும் யாரும் இடிக்காமலே, குதித்து இறங்கும்போதோ சட்டென்று திரும்பும்போதோ நடக்கிறது. முழங்கால் உள்பக்கம் வளையாமல் மெதுவாக இறங்கக் கற்றுக்கொடுங்கள், ஒரு காலில் நிற்கும் பயிற்சி கொடுங்கள், பின்தொடையை வலுவாக்குங்கள். அறுவை செய்துகொண்டவள் திரும்பிவர ஏறக்குறைய ஒன்பது மாதமாவது ஆகும். ஒரு கோப்பைக்காக ஒரு பெண்ணின் காலைப் பணயம் வைக்காதீர்கள்.

தமிழ்ப் பிள்ளைகளுக்கு ஒரு நியாயம், மலையாளப் பிள்ளைகளுக்கு ஒரு நியாயம் என்று பேச்சு வந்தால்?

வந்திருக்கிறது. பெஞ்சில் யார் எங்கே உட்காருகிறார்கள் என்று பார்த்தாலே தெரியும். ஒரு ஓரத்தில் தமிழ், இன்னொரு ஓரத்தில் மலையாளம், நடுவில் தண்ணீர் கேன். இப்போது நான்தான் மாற்றி மாற்றி உட்கார வைக்கிறேன். ஆட்டத்தின் திட்டங்களுக்கு எண் மட்டும்தான் பெயர். டைம் அவுட்டில் நான் தமிழில் சொன்னதை ஒரு மலையாளப் பெண் திரும்பச் சொல்ல வேண்டும், அவள் மொழியில். புரியாமல் தலையாட்டிவிட்டு உள்ளே போவது அதோடு நின்றது. அக்கா என்றும் சேச்சி என்றும் கலந்து கூப்பிட ஆரம்பித்த பிறகு இந்தப் பேச்சு குறைந்திருக்கிறது. மிச்சத்துக்கு நோட்டு இருக்கிறது.

இரண்டு வருடம் காத்திருந்த சீனியரா, அவளைவிட நன்றாக ஆடும் முதலாண்டா?

எனக்கு ஆண்டுதோறும் தூக்கத்தைக் கெடுப்பது இந்தக் கேள்வி. தொடக்க ஐவரில் நன்றாக ஆடுகிறவளையே வைப்பேன். சீனியருக்கு 15 நிமிடத்துக்குக் குறையாமல் கொடுக்கப் பார்ப்பேன். ஆனால் அந்த முடிவைப் பட்டியல் ஒட்டும் முன் அவளைக் கூப்பிட்டு, உட்கார வைத்து, நேரில் சொல்வேன். நோட்டீஸ் போர்டில் பார்த்துத் தெரிந்துகொள்ளும்படி விடுவது கொடுமை. அவள் அழுதால் அழட்டும். கோபப்பட்டாலும் கேட்டுக்கொள்வேன். கேரளப் பல்கலைக்கழகங்களில் 2024 முதல் நான்காண்டுப் பட்டப்படிப்பு வந்திருப்பதால் சிலருக்கு இன்னொரு சீசன் கிடைக்கிறது. வளர மெதுவாக ஆகிற பிள்ளைகளுக்கு, குறிப்பாகக் கல்லூரியில்தான் முதன்முதலாகப் பந்தைத் தொட்ட உயரமான பிள்ளைகளுக்கு, அந்த ஒரு வருடம் பெரிய வரம்.

பன்னிரண்டாவது ஆளாகப் பெயருக்கு ஒருத்தியைச் சேர்க்கலாமா?

கூடாது. ஆடவே விடப்போவதில்லை என்றால் பட்டியலில் எழுதாதீர்கள்.

பெஞ்சில் இருந்தால் வேலை, எதிர்காலம் ஏதாவது உண்டா?

ரயில்வே, கேரள மின்வாரியம் போன்ற இடங்களில் பெண்கள் அணி இருக்கிறது, விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலையும் இருக்கிறது. ஆனால் இடம் குறைவு, அங்கே கேட்பது மாநில, தேசிய அளவில் ஆடிய பெயரை. கேரளத்திலிருந்து கீது அன்னா ஜோஸ் 2014-இல் அர்ஜுனா விருது பெற்றார், தமிழ்நாட்டிலிருந்து அனிதா பால்துரை 2021-இல் பத்மஸ்ரீ பெற்றார். இரண்டு பெயரையும் எங்கள் அறைச் சுவரில் எழுதி வைத்திருக்கிறோம். ஆனால் ஐந்து நிமிடம் ஆடுகிற பெண்ணுக்கு அந்த ஆசையைக் காட்டிப் படிப்பை விடச் சொல்லமாட்டேன். எங்கள் பெஞ்சிலிருந்து போனவர்களில் நர்ஸ் ஆனவர்கள் இருக்கிறார்கள், பள்ளியில் உடற்கல்வி ஆசிரியை ஆனவர்கள் இருக்கிறார்கள். ஆட்டத்தை உட்கார்ந்து பார்த்துப் பார்த்துப் படித்தவர்கள் நல்ல ஆசிரியைகளாக வருகிறார்கள் என்பது என் அனுபவம்.

அன்றைக்கு இறங்கவே இல்லாத பெண்ணிடம் ஆட்டம் முடிந்ததும் என்ன பேசுவது?

உடனே ஒன்றும் பேசவேண்டாம். ஜெயித்த ஆட்டமாக இருந்தால் அவள் சிரித்துக்கொண்டே கைதட்டுவாள், அந்தச் சிரிப்பை நம்பவும் வேண்டாம். பஸ் ஏறுவதற்குள் அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுச் சாப்பிட்டாயா என்று கேளுங்கள். மறுநாள் காலைப் பயிற்சிக்கு முன் ஐந்து நிமிடம் தனியாக நிறுத்தி, ஏன் இறக்கவில்லை என்று உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். திட்டம் மாறியதா, நீங்கள் மறந்துவிட்டீர்களா, பயந்தீர்களா, எதுவானாலும். மறந்திருந்தால் மறந்தேன் என்றே சொல்லுங்கள். அடுத்த ஆட்டத்தில் எந்தக் குவார்ட்டரில், யாரைப் பிடிக்க அவளை இறக்கப்போகிறீர்கள் என்பதையும் சொல்லிவிடுங்கள். 11-ஆம் எண் பெண்ணிடம் நான் இப்படித்தான் சொன்னேன். அவள் கேட்டுவிட்டு, “இரண்டாவது குவார்ட்டர்தானே மிஸ்?” என்று உறுதி செய்துகொண்டு, ஜாக்கெட்டைக் கழற்றிக் கம்பியில் மாட்டிவிட்டுப் பந்து எடுக்கப் போனாள்.